எஞ்சிய இரவுகள்: ஜாஸ் நேரலைப் பதிவுகளும் அவற்றைச் சேர்த்தவர்களும்

1940 நவம்பர் 7 இரவு. அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தில் ஃபார்கோ என்னும் நகரம். அங்கிருந்த கிரிஸ்டல் பால்ரூம் என்ற நடன அரங்கில் டியூக் எலிங்டனின் இசைக்குழு வாசித்துக்கொண்டிருந்தது. வந்திருந்தவர்கள் நடனமாட வந்தவர்கள். வரலாறு நிகழ்கிறது என்ற எண்ணம் அவர்களில் எவருக்கும் இருந்திருக்க முடியாது. ஜாக் டவர்ஸ், டிக் பரிஸ் என்ற இரண்டு இளைஞர்கள் மட்டும் மேடையருகே தட்டுவெட்டும் இயந்திரத்தை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தனர். பதிவை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையின்பேரில் அவர்களுக்கு அனுமதி கிடைத்திருந்தது. 16 அங்குலத் தட்டுகளில் இரவு முழுவதும் அவர்கள் பதிவுசெய்தனர்.

அந்த இரவின் அருமை பின்னாளில்தான் தெரிந்தது. ட்ரம்பெட் கலைஞர் கூட்டி வில்லியம்ஸ் குழுவை விட்டு அப்போதுதான் விலகியிருந்தார். அவரிடத்துக்கு வந்த ரே நான்ஸுக்கு அவை குழுவில் முதல் நாள்கள். கான்ட்ராபாஸை வெறும் தாளத்துணையாக இல்லாமல் தனி வாசிப்புக்குரிய கருவியாக உயர்த்திய ஜிம்மி பிளான்டன் அன்று உடனிருந்தார். இரண்டு ஆண்டுகள் முடிவதற்குள் காசநோயால் தம் 23ஆம் வயதில் இறந்துபோனார். பென் வெப்ஸ்டரின் டெனர் சாக்ஸபோன் அரங்கின் இரைச்சலுக்கு நடுவே எழுந்து நின்றது. பல ஆண்டுகள் சேகரிப்பாளர்களிடையே கைமாறிக்கொண்டிருந்த இப்பதிவு முறையாக வெளியிடப்பட்டபோது, 1980இல் அதற்கு கிராமி விருது கிடைத்தது. நடன அரங்கொன்றில் இருவர் ஆர்வத்தால் எடுத்த பதிவு, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் பெரிய இசைநிறுவனங்களின் கூடத்துப் பதிவுகளோடு போட்டியிட்டு வென்றது.

ஜாஸ் இசையின் வரலாற்றை எழுதுவோர் இத்தகைய தற்செயல்களுக்குப் பெரிதும் கடன்பட்டிருக்கிறார்கள். அந்தக் கடனின் தன்மை என்ன, அதனால் வரலாற்றில் நேர்ந்த சாய்வு என்ன என்பவை போதிய அளவு விவாதிக்கப்படுவதில்லை.

மூன்று நிமிடச் சிறை

ஜாஸ் மனோதர்மத்தால் உயிர்வாழும் இசை. ஒரே பாட்டை ஒரே கலைஞர் திங்களன்று ஒருவிதமாகவும் செவ்வாயன்று வேறுவிதமாகவும் வாசிப்பார். எழுதிவைத்த சுரக்குறிப்பைக் கொண்டு அதை மீட்டெடுக்க இயலாது. வாசித்த கணத்தில் பதிவாகவில்லை என்றால் அது இல்லாமற்போகும். ஆனால் இந்த இசை வளர்ந்த முதல் முப்பது ஆண்டுகளும் பதிவுத் தொழில்நுட்பம் அதற்கு இடங்கொடுக்கவில்லை. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழன்ற 10 அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே அடங்கியது. மேடையில் பத்து நிமிடம் விரிந்த வாசிப்பு, பதிவுக்கூடத்தில் மூன்று நிமிடமாகக் குறுகியது. ஒரு கலைஞரின் தனி வாசிப்பு பலவேளைகளில் எட்டு அல்லது பதினாறு தாளச் சுற்றுகளோடு முடிந்தது.

இசைத்தட்டுகளை ஆவணமாகக் கருதி வகைப்படுத்தும் பணி 1930களில் தொடங்கியது. பிரான்சின் சார்ல் டெலோனே 1936இல் ஜாஸ் தட்டுகளின் விவரப்பட்டியலை நூலாக வெளியிட்டார். யார் யார் வாசித்தனர், எந்த நாளில், எந்த ஊரில், எந்த அச்சு எண்ணில் என்று பதியும் இந்தத் துறை பல்கலைக்கழகங்களில் பிறந்ததன்று. பழைய சாமான் கடைகளில் தட்டுகளைத் தேடியலைந்தவர்களிடம் பிறந்தது. ஓலைச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராகச் சென்றவர்களின் உழைப்பை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. எனினும் இப்பட்டியல்கள் விற்பனைக்கு வந்த தட்டுகளையே முதன்மையாகக் கொண்டன. ஆகவே நிறுவனங்கள் எதை விற்கலாம் என்று கருதினவோ அதுவே ஜாஸ் வரலாறு என்ற தோற்றம் உண்டாயிற்று. அந்தத் தோற்றத்தைக் கலைத்தவை நேரலைப் பதிவுகள்.

அரக்கும் வேலைநிறுத்தமும்

1942ஆம் ஆண்டு இசைத்தட்டுத் தொழிலுக்கு இரண்டு அடிகள் விழுந்தன. முதல் அடிக்கு இந்தியத் தொடர்பு உண்டு. 78 சுற்றுத் தட்டின் மூலப்பொருள்களில் முதன்மையானது அரக்கு; உலகின் அரக்குத் தேவையில் பெரும்பகுதியை நிறைவுசெய்தது இந்தியா. சோட்டா நாகபுரிக் காடுகளில் பூச்சிகள் மரக்கிளைகளில் சுரந்ததைச் சுரண்டியெடுத்து, காய்ச்சி, தகடாக்கி அனுப்பினர். நியூயார்க்கில் சுழன்ற லூயி ஆம்ஸ்ட்ராங்கின் தட்டுக்குள் பெயரறியாத இந்திய உழைப்பாளிகளின் பங்கும் இருந்தது. போர் ஆசியாவுக்குப் பரவிக் கடல்வழி இடர்ப்பட்டபோது அமெரிக்க அரசு அரக்கைப் போர்த் தேவைக்கு ஒதுக்கியது. 1942 ஏப்ரலில் இசைத்தட்டுத் தொழில் தன் அரக்குப் பயன்பாட்டை 70 விழுக்காடு குறைத்துக்கொள்ளுமாறு ஆணையிடப்பட்டது.

நிறுவனங்கள் பழைய தட்டுகளை உருக்கிப் புதியவற்றைச் செய்தன. புதிய தட்டு வேண்டுமானால் பழைய தட்டைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடும் வந்தது. 1920களில் சில நூறு படிகளே அச்சான புளூஸ், ஜாஸ் தட்டுகள் எத்தனை அப்படி உருகின என்பதற்குக் கணக்கில்லை. இன்று ஒரு தட்டுக்கு ஒரேயொரு படிதான் எஞ்சியிருக்கிறது என்று சேகரிப்பாளர் சொல்லும்போது, அந்த அருமைக்குப் பின்னால் போர்க்கால உருக்குலையும் நிற்கிறது.

இரண்டாவது அடி, இசைக்கலைஞர் சங்கத்தின் வேலைநிறுத்தம். தட்டுகளும் வானொலியும் நேரடி இசைக்கான வேலைவாய்ப்பைப் பறிக்கின்றன என்று சங்கத் தலைவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ குரல்கொடுத்தார். 1942 ஆகஸ்ட் 1 முதல் சங்க உறுப்பினர் எவரும் வணிகப் பதிவுக்கு வாசிக்கவில்லை. டெக்கா நிறுவனம் 1943இல் இணங்கியது. விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பர் வரை இணங்கவில்லை. கோரிக்கை நியாயமானதே. ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளில்தான் பெபாப் என்ற புதிய பாணி உருவாகிக்கொண்டிருந்தது. சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் 1943இல் ஏர்ல் ஹைன்ஸின் குழுவில் சேர்ந்து வாசித்தனர். அக்குழுவிலிருந்து வணிகத் தட்டு ஒன்றும் வரவில்லை. இருபதாம் நூற்றாண்டு இசையின் பெரிய திருப்பங்களுள் ஒன்று, பதிவுக்கூடங்களின் கதவு மூடியிருந்தபோது நிகழ்ந்தது.

ஒலிவாங்கியைப் பிடித்தவர்கள்

மூடிய கதவுக்கு வெளியே சிலர் இருந்தனர். ஜெர்ரி நியூமன் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர். தூக்கிச் செல்லத்தக்க தட்டுவெட்டும் இயந்திரத்துடன் 1941இல் ஹார்லெமின் மின்டன்ஸ் பிளேஹவுஸ், மன்ரோஸ் அப்டவுன் ஹவுஸ் ஆகிய விடுதிகளுக்கு அவர் சென்றார். வேலை முடிந்த கலைஞர்கள் நள்ளிரவுக்குப் பின் தமக்காக வாசித்துக்கொண்ட இடங்கள் அவை. அங்கே மின்கிட்டார் கலைஞர் சார்லி கிறிஸ்டியன் வாசித்ததை நியூமன் பதிவுசெய்தார். பென்னி குட்மனின் குழுவில் சில நொடிகளுக்குள் அடங்கிவிடும் அவரது தனி வாசிப்பு, இங்கே சுற்றின்மேல் சுற்றாக விரிகிறது. கென்னி கிளார்க்கின் டிரம்ஸ் அவரை மேலும் மேலும் தூண்டுகிறது. 1942 மார்ச்சில், 25 வயதில், கிறிஸ்டியன் காசநோயால் இறந்தார். நியூமனின் தட்டுகள் இல்லாவிடில், பெபாப்பின் பிறப்பில் அவருக்கிருந்த பங்கு கேள்விப்பட்ட செய்தியாகவே நின்றிருக்கும்.

அத்தட்டுகளிலுள்ள ஒரு வாசிப்பு, ஸ்விங் பாணியிலிருந்து பாப் பாணிக்கு என்று பொருள்படும் தலைப்பால் இன்று அறியப்படுகிறது. மேடையில் வாசிக்கப்பட்டதோ ‘டாப்ஸி’ என்ற பழகிய பாட்டு. தலைப்பு பின்னால் ஒட்டப்பட்டது. கில்லெஸ்பியின் ஒரு வாசிப்பு, அந்த வட்டத்தில் பழகிய எழுத்தாளர் ஜாக் கெருவாக்கின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பதிவுசெய்தவர் வைத்த பெயரே வரலாற்றின் பெயராகிறது. ஒரு பாணி மாற்றத்தைக் கலைஞர்கள் தாமே அறிந்து அறிவித்ததுபோன்ற எண்ணத்தை அத்தலைப்பு மாணவர்களிடம் விதைத்துவிடுகிறது. மூலச்சான்றுக்கும் அதன்மேல் ஒட்டிய சீட்டுக்கும் உள்ள வேறுபாடு இங்கே நினைவில் கொள்ளத்தக்கது.

பதிவுசெய்தோர் எல்லாரும் வெள்ளை இனத்து வசதி படைத்த இளைஞர்கள் என்று பொதுமைப்படுத்துவதும் பிழையாகும். ஹைன்ஸ் குழுவின் அந்த இழந்த ஆண்டிலிருந்து ஒரு கீற்று கிடைத்திருக்கிறதென்றால், அதற்குக் காரணம் பாப் ரெட்கிராஸ் என்ற கறுப்பின நண்பர். 1943 பிப்ரவரியில் சிகாகோவில் தம் விடுதி அறையில் பார்க்கரும் கில்லெஸ்பியும் ஆஸ்கர் பெட்டிஃபர்டும் வாசித்ததை அவர் தட்டில் பதிந்துவைத்தார். பார்க்கர் அதில் தமக்கு வழக்கமான ஆல்டோவை விடுத்து டெனர் சாக்ஸபோன் வாசிக்கிறார். அந்தப் பதிவு பொதுவெளிக்கு வர 1986 வரை காத்திருக்க நேர்ந்தது. அடுத்த ஆண்டு தாம் அமைத்த ஒரு மெட்டுக்குப் பார்க்கர் இந்த நண்பரின் பெயரையே இட்டார்.

பெனடெட்டியின் கத்தரிக்கோல்

சேகரிப்பாளரின் பற்று ஆவணத்தை எவ்வாறு வடிவமைக்கிறது என்பதற்கு டீன் பெனடெட்டியைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. அவரும் சாக்ஸபோன் கலைஞர். பார்க்கரின்மேல் கொண்ட வியப்பால் தம் வாசிப்பையே பின்னுக்குத் தள்ளியவர். 1947 மார்ச்சில், கமரிலோ மருத்துவமனையிலிருந்து பார்க்கர் வெளிவந்த சில வாரங்களில், லாஸ் ஏஞ்சலஸின் ஹை-டி-ஹோ விடுதியில் அவர் வாசித்தார். பெனடெட்டி தட்டுவெட்டும் இயந்திரத்தோடு தொடர்ந்து சென்றார். 1948இல் நியூயார்க்கின் த்ரீ டியூஸஸ், ஆனிக்ஸ் விடுதிகளில் காகிதத்தாலான ஒலிநாடாவில் பதிவுசெய்தார்.

தட்டுக்கும் நாடாவுக்கும் விலை உண்டு, இடமும் குறைவு. ஆகவே பார்க்கர் வாசிக்கத் தொடங்கியதும் இயந்திரத்தை இயக்குவார். பார்க்கர் நிறுத்தியதும் நிறுத்திவிடுவார். உடன் வாசித்த ட்ரம்பெட் கலைஞரின் முறை வருவதற்குள் ஒலி அறுந்துபோகிறது. கேட்பவருக்குக் கிடைப்பது கச்சேரியன்று. கச்சேரியிலிருந்து வெட்டியெடுத்த ஒற்றைக் குரல். ஒரு பெரும்புலவரின் அடிகளை மட்டும் படியெடுத்துக்கொண்டு, அவருக்கு எதிர்ப்பாட்டுப் பாடியவரின் அடிகளை விட்டுவிட்ட ஏட்டை நினைத்துப்பார்த்தால் இதன் இழப்பு விளங்கும். ஜாஸ் கூடி உரையாடும் கலை. பெனடெட்டியின் பதிவில் உரையாடலின் ஒரு பக்கம் மட்டும் உள்ளது.

பெனடெட்டி 1957இல் இத்தாலியில் இறந்தார். பதிவுகள் எங்கே என்பது முப்பது ஆண்டுக்கு மேல் புதிராக இருந்தது. அந்த இடைவெளியைக் கட்டுக்கதைகள் நிரப்பின. 1973இல் ராஸ் ரஸல் எழுதிய பார்க்கரின் வாழ்க்கை வரலாறு, கம்பிப்பதிவு இயந்திரத்துடன் பார்க்கரை நிழல்போல் தொடர்ந்த பித்தராக அவரைச் சித்திரித்தது. பதிவுகளோ அவருடைய சகோதரரிடம் பாதுகாப்பாக இருந்தன. ஃபில் ஷாப் பெருமுயற்சியுடன் அவற்றைச் சீரமைக்க, மொசைக் நிறுவனம் 1990இல் ஏழு குறுந்தகடுகளாக வெளியிட்டது. கம்பிப்பதிவுகள் அவற்றில் இல்லை. தட்டுகளும் காகித நாடாக்களுமே இருந்தன. மூலச்சான்று கைக்கு வந்ததும் பதினேழு ஆண்டுகள் மேற்கோள் காட்டப்பட்ட கதை சரிந்தது.

பெட்டிகளில் உறங்கியவை

பில் சாவரி ஒலிப்பொறியாளர். நீண்ட நேரம் ஒலிக்கும் தட்டை உருவாக்கிய கொலம்பியா குழுவினருள் ஒருவர். 1930களின் இறுதியில் நியூயார்க்கில் வானொலியில் ஒலிபரப்பான கச்சேரிகளைத் தட்டுகளில் பதிவுசெய்துவந்தார். அவற்றுள் பென்னி குட்மனின் ஒலிபரப்புகள் சில 1952இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்றன. எஞ்சியவற்றை அவர் எவருக்கும் எளிதில் காட்டவில்லை. சாக்ஸபோன் கலைஞரும் ஆய்வாளருமான லாரன் ஷோன்பெர்க் பல ஆண்டுகள் அவரை அணுகியும் பயனில்லை. 2004இல் சாவரி இறந்தார். பின்னர் அவர் மகனைத் தேடிக் கண்டடைந்த ஷோன்பெர்க்கின் முயற்சியால், ஏறத்தாழ ஆயிரம் தட்டுகள் 2010இல் ஹார்லெமிலுள்ள தேசிய ஜாஸ் அருங்காட்சியகத்துக்கு வந்துசேர்ந்தன. ஒலிப்பொறியாளர் டக் பாமராய் அவற்றை எண்முறைக்கு மாற்றினார்.

அவற்றுள் ஒன்று கோல்மன் ஹாகின்ஸின் ‘பாடி அண்ட் சோல்’. 1939இல் பதிவுக்கூடத்தில் மூன்று நிமிடத்தில் அவர் வாசித்தது ஜாஸ் வரலாற்றின் மைல்கல் என்று எல்லாப் பாடநூல்களும் சொல்லும். சாவரியின் தட்டிலோ அதே பாட்டை அவர் ஏறத்தாழ இருமடங்கு நேரம் வாசிக்கிறார். கூடத்தில் முடிவாகத் தோன்றிய இடம், இங்கே நடுவழியாக மாறிவிடுகிறது. மூன்று நிமிடச் சிறையை ஒரு கலைநெறியாக விளக்கிய திறனாய்வுகள் இத்தகைய பதிவுகளுக்குப் பின் மறுபரிசீலனைக்குரியவை ஆகின்றன.

அரசின் பெட்டிகளும் உறங்கியிருக்கின்றன. 1957 நவம்பர் 29 அன்று கார்னகி ஹாலில் நடந்த உதவிநிதிக் கச்சேரியை வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி நாடாவில் பதிந்தது. தெலோனியஸ் மங்க், ஜான் கோல்ட்ரேன் இருவரும் ஒரே குழுவில் இருந்த சில மாதங்களின் சான்று அதில் இருந்தது. நாடா காங்கிரஸ் நூலகத்துக்குச் சென்று, வரிசை எண் பெற்று, அடுக்கில் அமர்ந்தது. 2005இல் நூலகப் பணியாளர் லாரி ஆப்பல்பாம் எண்முறை மாற்றத்துக்காக அதை எடுத்துக் கேட்டபோதுதான், அதில் இருப்பது இன்னதென்று உலகுக்குத் தெரிந்தது. தொலைந்தது என்று சொல்லப்பட்டது தொலையவில்லை, கேட்கப்படாமல் இருந்தது. காப்பகத்தில் வைப்பதும் காப்பாற்றுவதும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

அதே இருவரின் மற்றொரு பதிவு வேறு பாடம் தருகிறது. ஃபைவ் ஸ்பாட் விடுதியில் கோல்ட்ரேனின் மனைவி நைமா வீட்டு நாடாப்பதிவியால் எடுத்த ஒலி 1993இல் வெளியானது. அது 1957 கோடைக்குரியது என்று முதலில் கருதப்பட்டது. பின்னாளைய ஆய்வு, கோல்ட்ரேன் மங்கின் குழுவுக்கு ஓரிரவு மட்டும் மீண்டுவந்த 1958 செப்டம்பருக்கு அதை நகர்த்தியது; நாடா ஓடிய வேகமும் திருத்தப்பட வேண்டியிருந்தது. ஓராண்டு வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். ஆனால் கோல்ட்ரேனின் பாணி திங்களுக்குத் திங்கள் மாறிக்கொண்டிருந்த காலம் அது. தவறான நாளை நம்பி எழுதிய வளர்ச்சி வரலாறு தலைகீழாகிவிடும்.

பொருள்களின் விலை

ஒலியை மட்டுமன்றி, கலைஞர் தொட்ட பொருள்களையும் சேகரிப்போர் உண்டு. 1953 மே 15 அன்று டொராண்டோவின் மாஸி ஹாலில் பார்க்கர் வாசித்தது கிராஃப்டன் என்னும் வெண்ணிற நெகிழிச் சாக்ஸபோன். 1994இல் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் பார்க்கரின் கிராஃப்டன் 93,500 பவுண்டுக்குப் போனது. வாங்கியது தனிச் செல்வர் அல்லர். பார்க்கர் வளர்ந்த கான்சஸ் சிட்டி. இன்று அது அந்நகரின் ஜாஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. 34 வயதில் இறந்த கலைஞருக்கு வாழ்நாளில் ஒருபோதும் கிட்டாத தொகையை அவர் கருவிக்கு அவர் ஊர் கொடுத்தது.

தம்மைத் தாமே சேகரித்துக்கொண்ட கலைஞரும் உண்டு. லூயி ஆம்ஸ்ட்ராங் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் 1943 முதல் 1971இல் இறக்கும்வரை வாழ்ந்த வீட்டில் நூற்றுக்கணக்கான ஒலிநாடாக்களைப் பதிந்துவைத்தார். தட்டுகளின் படிகள், நண்பர்களோடு பேசிய பேச்சு, நகைச்சுவை, சினம் எல்லாம் அவற்றில் உள்ளன. நாடாப்பெட்டிகளின்மேல் படங்களையும் செய்தித்தாள் துணுக்குகளையும் வெட்டி ஒட்டி அழகுசெய்தார். மேடையில் எப்போதும் சிரித்துக்கொண்டிருந்த மனிதர், இனவெறி பற்றித் தனிமையில் என்ன நினைத்தார் என்பதை அறிய ஆய்வாளர்கள் இன்று அந்த நாடாக்களையே நாடுகின்றனர். அந்த வீடு 2003 முதல் அருங்காட்சியகமாக இயங்குகிறது. நண்பரும் ஒளிப்படக் கலைஞருமான ஜாக் பிராட்லி வாழ்நாளெல்லாம் சேர்த்த ஆம்ஸ்ட்ராங் பொருள்களும் பிற்காலத்தில் அங்கேயே வந்துசேர்ந்தன.

மார்ஷல் ஸ்டெர்ன்ஸ் என்ற இலக்கியப் பேராசிரியர் தம் சொந்தச் சேகரிப்பைக் கொண்டு 1952இல் தொடங்கிய ஜாஸ் ஆய்வு நிறுவனம், 1960களில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்றது. தனியார் அறையில் தொடங்கியது பொதுக் காப்பகமாக முதிர்வதே இத்துறையின் நல்வழி. தனிச் சேகரிப்பாளர் இறந்தபின் வாரிசுகளுக்கு அருமை தெரியாமற்போனால், வாழ்நாள் உழைப்பு ஒரே வாரத்தில் துண்டுதுண்டாக விற்றுப்போகும்.

உரிமை யாருக்கு

இந்த வரலாற்றில் நெருடலான கேள்வி ஒன்று உண்டு. மின்டன்ஸிலும் ஹை-டி-ஹோவிலும் பதிவானபோது வாசித்தவர்களுக்கு அதற்காக ஊதியம் கிடைக்கவில்லை. அப்பதிவுகள் பிற்காலத்தில் விற்கப்பட்டன. வானொலி ஒலிபரப்புகளைத் தட்டில் பிடித்து, இல்லாத நிறுவனங்களின் பெயரில் வெளியிட்டவர்களும் இருந்தனர். அவர்கள் இல்லையென்றால் பல இரவுகள் நமக்குக் கிடைத்திரா. அவர்களால் கலைஞர் குடும்பங்களுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது ஆய்வுக்கு அழகன்று.

கலைஞர்கள் இதை உணராதவர்கள் அல்லர். மாஸி ஹால் கச்சேரியின் நாடாவைக் கையில் எடுத்துக்கொண்ட சார்லஸ் மிங்கஸ், தாமும் மாக்ஸ் ரோச்சும் நடத்திய டெபூ நிறுவனத்தின்வழி அதை வெளியிட்டார். தம் கான்ட்ராபாஸ் ஒலி மங்கலாகப் பதிந்திருந்ததால் அதன்மேல் மீண்டும் வாசித்துச் சேர்த்தார். பார்க்கர் வேறு நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் இருந்ததால் அவர் பெயர் ‘சார்லி சான்’ என்று அச்சாயிற்று. கலைஞரே உரிமையாளராக இருந்தும், வரலாற்றுக்குக் கிடைத்தது திருத்திய ஆவணமும் புனைபெயரும்தான்.

சட்டமும் நெடுங்காலம் தெளிவாக இல்லை. அமெரிக்காவில் 1972 பிப்ரவரி 15க்கு முந்தைய ஒலிப்பதிவுகள் கூட்டரசுக் காப்புரிமைக்குள் வரவில்லை. மாநிலங்களின் வெவ்வேறு சட்டங்களே அவற்றை ஆண்டன. ஐரோப்பாவில் ஐம்பது ஆண்டுக் காப்பு முடிந்ததும் யாரும் வெளியிடலாம் என்ற நிலை நெடுநாள் இருந்தது. ஆகவே அமெரிக்க இசை ஐரோப்பிய வெளியீடுகளாகத் திரும்பிவந்தது. 2018இல் இயற்றிய இசைச் சட்டம் பழைய பதிவுகளுக்குக் காலவரையறை வகுத்தது. 1923க்கு முன் வெளியானவை 2022 சனவரி 1 அன்று பொதுவுடைமையாயின. 1956க்குப் பின் வெளியானவற்றுக்கு 2067 பிப்ரவரி 15 வரை காப்பு உண்டு. சாவரியின் தட்டுகள் பல ஆண்டுகள் அருங்காட்சியகத்துக்கு நேரில் வருவோர் மட்டும் கேட்கத்தக்கனவாக இருந்ததற்கு இந்த உரிமைச் சிக்கலும் ஒரு காரணம். 2016இல்தான் தேர்ந்தெடுத்த பகுதிகள் வெளிவரத் தொடங்கின. கலைஞரின் வாரிசுகளைத் தேடி, உரிமைத்தொகை கொடுத்து, பழைய நாடாக்களை வெளியிடும் சிறு நிறுவனங்கள் அண்மைக்காலத்தில் தோன்றியிருப்பது ஆறுதலான மாற்றம்.

இந்தியத் தட்டுகள்

அரக்கு இங்கிருந்து சென்றதுபோல் ஜாஸ் இங்கே வந்தது. 1930களில் லியன் ஆபி, கிரிக்கெட் ஸ்மித், டெடி வெதர்ஃபோர்ட் ஆகிய ஆப்பிரிக்க அமெரிக்கக் கலைஞர்கள் பம்பாயின் தாஜ் மகால் ஓட்டலில் குழு நடத்தினர். கோவாவிலிருந்து வந்த கலைஞர்கள் அவர்களோடு வாசித்துக் கற்றனர். ஸ்மித்தின் குழு 1936இல் பம்பாயில் தட்டுப் பதிவுசெய்தது. வெதர்ஃபோர்ட் சிகாகோவில் ஆம்ஸ்ட்ராங்குடன் வாசித்த பியானோ கலைஞர். போர்க்காலத்தில் கல்கத்தாவின் கிராண்ட் ஓட்டலில் வாசித்தார், அந்நகரில் பதிவுகளும் செய்தார், 1945இல் அங்கேயே காலராவால் இறந்தார். நரேஷ் ஃபெர்னாண்டஸ் 2012இல் வெளியிட்ட ஆய்வுநூல், இந்த மறந்த காலத்தைத் தட்டுகள், ஒளிப்படங்கள், குடும்ப நினைவுகள் வாயிலாக மீட்டது. அரங்குகளில் இரவுதோறும் வாசித்ததில் தட்டேறியது மிகச்சிறு பகுதி. மின்டன்ஸுக்கு ஒரு நியூமன் இருந்ததுபோல் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ஒருவர் இருந்திருந்தால், ஆசிய ஜாஸ் வரலாற்றில் இந்தியாவின் பக்கம் வேறாக இருந்திருக்கும்.

உதிரும் சான்று

எஞ்சியவையும் நிலையானவை அல்ல. உடனடிப் பதிவுத் தட்டுகள் அலுமினியத் தகட்டின்மேல் செல்லுலோஸ் நைட்ரேட் பூசியவை. போர்க்காலத்தில் அலுமினியம் விமானங்களுக்குப் போய்விட, கண்ணாடித் தகட்டைப் பயன்படுத்தினர். பூச்சை நெகிழ்வாக வைத்திருந்த எண்ணெய் காலப்போக்கில் சிதைந்து வெண்பொடியாகப் படிகிறது. பூச்சு சுருங்குகிறது, தகடு சுருங்குவதில்லை. ஒருநாள் வெடித்து உதிர்கிறது. கண்ணாடித் தட்டு கைதவறினால் அதோடு சரி. அசிடேட் நாடாக்கள் புளித்த வாடையோடு நொறுங்குகின்றன. ஒருமுறை ஓட்டினாலே பழுதாகிவிடும் தட்டை ஓட்டாமல் வைத்திருப்பதா, ஓட்டிக் காப்பாற்றுவதா என்ற தீர்ப்பைக் காப்பாளர் ஒவ்வொரு நாளும் எடுக்க வேண்டியிருக்கிறது.

நியூ ஆர்லியன்ஸின் கார்னெட் கலைஞர் பட்டி போல்டன், ஜாஸின் முதல்வர் என்று பலர் கருதும் மனிதர். 1907இல் மனநல மருத்துவமனைக்குச் சென்றவர் 1931இல் அங்கேயே இறந்தார். அவர் வாசிப்பு மெழுகு உருளை ஒன்றில் பதிவானதாக உடன் வாசித்தவர் சொன்னார். தலைமுறை தலைமுறையாகச் சேகரிப்பாளர்கள் அதைத் தேடினர், கிடைக்கவில்லை. ஒரு கலையின் தொடக்கம் ஒலியின்றி நிற்கிறது. அதைச் சூழ்ந்திருப்பவை நினைவுகளும் கதைகளும் மட்டுமே.

போல்டனுக்கும் பார்க்கருக்கும் நடுவே உள்ள வேறுபாடு திறமையில் இல்லை. அருகில் இயந்திரத்தோடு யாரேனும் இருந்தார்களா என்பதில் உள்ளது. இயந்திரத்தோடு இருந்தவர் எதை விரும்பினார், எந்தக் கணத்தில் நிறுத்தினார், பெட்டியின்மேல் என்ன எழுதினார், இறந்தபின் அதை யாரிடம் விட்டார் என்பவற்றையெல்லாம் கேட்காமல் அந்த இசையின் வரலாற்றை எழுதினால், சேகரிப்பாளரின் விருப்பமே கலையின் வரலாறாகிவிடும். ஃபார்கோவில் அன்றிரவு சுழன்ற தட்டுகளில் எலிங்டனின் குழுவோடு நடனமாடியவர்களின் காலடியோசையும் பேச்சும் பதிவாகியுள்ளன. அவர்களுள் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. அவர்கள் கேட்ட இசை மட்டும், இருவர் அன்று இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனதால், இன்னும் கேட்கிறது.